பழைய ராணுவ ஜீப்: பாயிண்டைப் பேணுவதா, மாற்றுவதா?

ஐப்பசி மழைக்காலத்தில் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் விடியற்காலையில் ஜீப்பைக் கிளப்புவது ஒரு பெரிய வேலை. முதல்நாள் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டிய கேரட், தோட்டத்துச் சரிவிலிருந்து தார் ரோட்டுக்கு வந்து சேர வேண்டும். அங்கே சந்தைக்குப் போகும் லாரி நிற்கும். ஆனால் ஒருவருக்காக நெடுநேரம் நிற்காது. கழுவிய கேரட்டை மறுநாளுக்கு வைத்தால் நிறம் மங்கும், விலையும் இறங்கும். தோட்டத்துக்கும் லாரிக்கும் இடையே இருப்பது ஒரு பழைய ஜீப்தான்.

அப்படி ஒரு ஜீப்பை வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு நிலம் இரண்டரை ஏக்கர். ஜீப் அவருடைய தகப்பனார் காலத்தில், ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்றாக வாங்கியது. வில்லிஸ் பெட்ரோல் எஞ்சின், 6 வோல்ட் மின்சாரம். வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடும். மழையும் மூடுபனியும் வந்துவிட்டால் ஸ்டார்ட்டர் முனகும், எஞ்சின் பற்றாது. பற்றினாலும் ஏற்றத்தில் இருமும். ஒரே பருவத்தில் மூன்று முறை பாயிண்ட் செட் மாற்றியும் குறை தீரவில்லை.

கொடைக்கானல் பட்டறையில் மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார்.

"அண்ணே, பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம். கழற்றிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் வச்சுருவோம். அப்புறம் பானட்டைத் திறக்கவே வேண்டாம்."

"அது சரி தம்பி. நடுக்காட்டுல அது நின்னுபோனா என்ன செய்யறது?"

"நிக்காதுண்ணே."

இந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. புதிய சாதனத்துக்கு ஆகும் பணம், அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்க வைத்திருந்த பணம். ஆகவே முடிவு சொல்லாமல் திரும்பிவிட்டார். அந்தத் தயக்கம் நியாயமானது. மலைப்பகுதிகளில் இதே கேள்வியோடு இருக்கும் விவசாயிகள் வேறு பலரும் உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஓடும் பழைய ஜீப்புகளில் பல, எப்போதோ டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்டுவிட்டன. டீசல் எஞ்சினில் எரிபொருள் அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது; தீப்பொறிக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பெட்ரோல் எஞ்சின் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

எந்த வண்டி, எத்தனை வோல்ட்?

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே: நான்கு சிலிண்டர், சுமார் 2,200 சி.சி., 60 குதிரைத்திறன். மின்சாரம் 6 வோல்ட். பின்னர் 1940-களின் கடைசியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது, அதன் சி.ஜே.3பி ஜீப் ராணுவத்திலும் அரசுத் துறைகளிலும் நெடுங்காலம் ஓடியது. 1969 முதல் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில், நிசான் பேட்ரோல் வண்டியை ஒட்டிச் செய்யப்பட்ட ஜோங்கா வந்தது. அதற்கு ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 4,000 சி.சி. இவற்றில் பல, கழிக்கப்பட்டபின் ஏலத்தின் மூலம் பொதுமக்கள் கைக்கு வந்தவைதான்.

இந்த வரலாறு எதற்கென்றால், வண்டிக்கு வண்டி மின்சாரம் வேறு. ஒரே மாதிரித் தோன்றும் இரு ஜீப்புகளில் ஒன்று 6 வோல்ட்டாகவும் மற்றது 12 வோல்ட்டாகவும் இருக்கலாம். அமெரிக்க ராணுவத்துக்காக 1950 முதல் செய்யப்பட்ட எம்-38 ஜீப் 24 வோல்ட். இடையில் எத்தனை கை மாறியதோ, எத்தனை பட்டறை ஏறியதோ, அத்தனை மாறுதலும் வண்டியில் இருக்கும். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி வைத்து, காயிலை மட்டும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். டிஸ்டிரிபியூட்டர் வேறு வண்டியினுடையதாக இருக்கும். ஆகவே புதிய சாதனம் வாங்குவதற்கு முன் பேட்டரியின் வோல்ட், காயிலின் மேல் அடித்திருக்கும் வோல்ட், டிஸ்டிரிபியூட்டரின் உடம்பில் உள்ள பெயர், எண், பேட்டரியின் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வில்லிஸ் எம்.பி.யில் நெகட்டிவ் முனை எர்த். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை எர்த். இது தெரியாமல் எலக்ட்ரானிக் பெட்டியைப் பூட்டினால், சாவியைத் திருப்பிய கணத்திலேயே அது கருகிவிடும்.

தீப்பொறி எப்படி வருகிறது?

கிணற்றுப் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நீண்ட குழாயில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாய் 'டம்' என்று அதிரும். ஓடிய வேகம் முழுதும் ஒரு கணத்தில் அழுத்தமாக மாறுகிறது. ஜீப்பின் காயிலிலும் இதுவே நடக்கிறது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயிலின் தடித்த கம்பிச் சுற்றில் ஓடி, பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்த ஓட்டம் திடீரென்று நிற்கிறது. நின்ற வேகத்தில், காயிலின் மெல்லிய கம்பிச் சுற்றில் 15 ஆயிரம், 20 ஆயிரம் வோல்ட் வரை மின்னழுத்தம் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் தீப்பொறி.

பாயிண்ட் எவ்வளவு சட்டென்று திறக்கிறதோ, ஓட்டம் எவ்வளவு சுத்தமாக அறுகிறதோ, அவ்வளவு பலமாகப் பொறி விழும். திறக்கும் பாயிண்டிலேயே பொறி பறந்துவிட்டால் ஓட்டம் மெதுவாக நிற்கும். பிளக்குக்குப் போக வேண்டிய பலம் அங்கேயே வீணாகும். அதைத் தடுக்கத்தான் கண்டென்சர். விரல் அளவுள்ள சின்ன டப்பாதான் என்றாலும், அது பழுதானால் பாயிண்ட் கருகும், பொறி மஞ்சளாக மெலியும், எஞ்சின் இருமும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது பாயிண்ட் 4,000 முறை திறந்து மூடுகிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் முறை. இவ்வளவு உழைக்கும் பொருள் தேய்வது இயற்கை. தேயும் விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். பாயிண்டைத் தள்ளும் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும், ஏற்றத்தில் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். இது ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில் மெள்ள மெள்ள வரும். கவனிக்கும் விவசாயிக்கு, பாயிண்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடும்.

குறை எங்கே என்று பார்த்த பின் முடிவு

இந்த விவசாயியின் ஜீப்பை ஒரு பழைய எலக்ட்ரீஷியனிடம் காட்டினார்கள். அவர் டிஸ்டிரிபியூட்டரைத் தொடவில்லை. முதலில் பார்த்தது பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளை.

6 வோல்ட் வண்டி, 12 வோல்ட் வண்டி செய்யும் அதே வேலையைச் செய்ய இரு மடங்கு ஆம்பியர் எடுக்கும். ஆகவே அதன் கேபிள் கட்டைவிரல் பருமனில் இருக்க வேண்டும். பழைய கேபிள் அறுந்தபோது யாரோ கடையில் கிடைத்த 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிளை வாங்கிப் பூட்டிவிட்டிருந்தார்கள். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள எர்த் பட்டையும் துருப்பிடித்திருந்தது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியில் ஏற்கனவே அழுத்தம் இறங்கும். 6 வோல்ட், 4½ வோல்ட் வரை வருவது உண்டு. அதிலும் ஒரு பங்கைக் கேபிள் தின்றுவிட்டால் காயிலுக்கு மிஞ்சுவது என்ன? மழைக்கால அதிகாலையில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது குறை பெரிதாகத் தெரிந்ததற்கும், வெயிலில் மறைந்ததற்கும் காரணம் இதுதான்.

இதை எவரும் சோதிக்கலாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று பொருள். மீட்டர் இல்லையென்றால், ஸ்டார்ட்டரைச் சில விநாடி ஓட்டிவிட்டுக் கேபிள் முனைகளைத் தொட்டுப் பார்க்கலாம். சூடாக இருக்கும் முனையில் பழுது.

இந்த நிலையில் எலக்ட்ரானிக் வைத்திருந்தால்? பாயிண்டாவது குறைந்த வோல்ட்டில் மெலிந்த பொறியையாவது தரும். எலக்ட்ரானிக் பெட்டிக்கு வேலை செய்யக் குறைந்தபட்ச வோல்ட் ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் அது பொறியே தராது. அந்தப் பணமும் போய், வண்டியும் நின்றிருக்கும்.

இரண்டாவதாக டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தார்கள். மூடியின் உட்புறத்தில் தலைமுடி போன்ற ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் அந்த வழியாகக் கசிந்து கசிந்து கரிப்பாதை போட்டிருந்தது. மூடுபனி ஈரம் பட்டதும் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தப் பாதையில் போய்விடும். துணியால் துடைத்தால் அரைமணி சரியாகும். மூடியை மாற்றினால்தான் முழுதும் சரியாகும். இந்த மூடி எலக்ட்ரானிக் வைத்தாலும் அப்படியே இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரானிக் செட் மாற்றுவது பாயிண்டையும் கண்டென்சரையும் மட்டுமே. மூடி, ரோட்டார், பிளக் ஒயர், பிளக் எல்லாம் பழையவைதாம்.

மூன்றாவது பாயிண்ட். மூன்று முறை மாற்றியும் ஏன் நிலைக்கவில்லை? ஒவ்வொரு முறையும் இடைவெளி வைத்தது ஹாக்ஸா பிளேடால். பல பட்டறைகளில் இது வழக்கம். ஹாக்ஸா பிளேடின் கனம் சுமார் 0.63 மில்லிமீட்டர். இந்த ஜீப்பின் ஆட்டோலைட் டிஸ்டிரிபியூட்டருக்கு வேண்டியது 0.5 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. அம்பாசடர் போன்ற வண்டிகளில் வந்த லூகாஸ் டிஸ்டிரிபியூட்டர்களுக்கோ 0.35 முதல் 0.4 வரைதான். சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை 1960-களில் தொடங்கியதிலிருந்து நம் ஊர்க் கடைகளில் அந்த வகை உதிரிகளே எளிதாகக் கிடைத்தன. ஆகவே பல ஜீப்புகளில் டிஸ்டிரிபியூட்டரே மாறியிருக்கும். இடைவெளி அளவு வண்டியைப் பொறுத்ததல்ல, அதில் இருக்கும் டிஸ்டிரிபியூட்டரைப் பொறுத்தது. ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி ஜீப்பிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அதன் விலை ஒரு பாயிண்ட் செட்டின் விலையைவிட அதிகம் இருக்காது.

பாயிண்டை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் கூடாது. மணல் துகள் முகத்தில் பதிந்து, அந்த இடமே கருகத் தொடங்கும். மெல்லிய பாயிண்ட் அரத்தால் ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான கெட்டித்தாளை இடையில் விட்டு உருவினால் போதும். கேம் மீது அரிசி அளவு கிரீஸ் வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகிப் பாயிண்டில் தெறிக்கும். வைக்காமலே விட்டால் ஃபைபர் கட்டை சீக்கிரம் கரையும்.

நான்காவதாக ஒரு குறை தெரிந்தது. அதுதான் இந்தக் கேள்வியில் உண்மையான சிக்கல். ரோட்டாரைக் கழற்றிவிட்டு டிஸ்டிரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் அசைந்தது. எஞ்சினைக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றி, கேமின் நான்கு மேடுகளிலும் இடைவெளியை அளந்தபோது நான்கும் நான்கு விதம். புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு சிலிண்டருக்கு முன்னாலும் அடுத்ததற்குப் பின்னாலும் பொறி விழும். எவ்வளவு நல்ல பாயிண்ட் போட்டாலும் இது தீராது. கடைசல் பட்டறையில் புதிய புஷ் அடித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

எலக்ட்ரானிக்கின் பலமும் பலவீனமும்

எலக்ட்ரானிக் செட்டை விற்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சின்ன உணர்கருவி உட்கார்ந்திருக்கும். தண்டில் மாட்டிய காந்த வளையம் அதைக் கடந்து போகும்போதெல்லாம் அது காயிலின் ஓட்டத்தை அறுக்கிறது. உரசும் பாகம் இல்லை, ஆகவே தேய்மானம் இல்லை, டைமிங் நகர்வதில்லை. புஷ் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பாயிண்ட் அளவுக்குத் தடுமாறாது. தினசரி ஓடும் 12 வோல்ட் வண்டிக்கு, கேபிளும் டைனமோவும் சரியாக இருந்தால், அது நிச்சயமாக நிம்மதி தரும். அடிவாரத்தில் தினமும் பால் கேன் ஏற்றிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓடும் ஜீப் என்றால், நல்ல தயாரிப்பாகப் பார்த்து மாற்றுவதில் தவறில்லை. அங்கே வண்டி நின்றாலும் அரை மணியில் உதவி வரும்.

ஆனால் அது கெடும் விதம் வேறு. முன்னறிவிப்பு தராது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சாவியைத் திருப்பியது போல நின்றுவிடும். அரம் போட்டுத் தேய்க்கவோ, கம்பி சுற்றி ஒப்பேற்றவோ முடியாது; வேறொன்று வாங்கிப் பூட்டுவது ஒன்றே வழி. மலை ஊர்க் கடைகளில் 6 வோல்ட்டுக்கானது கிடைப்பது அரிது. வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும்.

அதற்கு விரோதமான காரியங்கள் சில நம்மிடையே சர்வ சாதாரணம். எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியை ஆன் நிலையில் விட்டுவிட்டு மூட்டை இறக்கப் போவது அவற்றில் ஒன்று. பாயிண்ட் உள்ள வண்டியிலும் இதனால் காயில் சூடேறும். சில எலக்ட்ரானிக் பெட்டிகள் இதைத் தாங்கவே தாங்கா. பேட்டரி தீர்ந்துபோனால் பக்கத்து டிராக்டரிலிருந்து 12 வோல்ட்டைக் கொடுத்துக் கிளப்புவது இன்னொன்று. 6 வோல்ட்டுக்கான பெட்டிக்கு அது எமன். பொறி வருகிறதா என்று பிளக் ஒயரை எட்டத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதும் எலக்ட்ரானிக் வைத்த பின் கூடாது. பொறி குதிக்க இடம் கிடைக்காவிட்டால், எழும்பிய மின்னழுத்தம் பெட்டியையே தாக்கும். இவை போக, காயிலின் மின்தடை பெட்டி கேட்கும் அளவுக்குப் பொருந்த வேண்டும். பழைய காயிலோடு புதிய பெட்டியைப் பூட்டிவிட்டு, மாதத்துக்குள் கருகிப்போனதென்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காதவர்களே.

காயில் பொருத்தம் பாயிண்டுக்கும் பொருந்தும். 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியில் 6 வோல்ட் காயில் தங்கிவிட்டால் ஓட்டம் இரு மடங்காகி, பாயிண்ட் சில நாளில் நீலம் பாரித்துக் கருகும். பாயிண்ட் அடிக்கடி கருகும் வண்டிகளில் முதலில் காயிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. காயிலை மாற்றினாலோ, தகுந்த தடைச்சுருளைத் தொடரில் சேர்த்தாலோ தீர்ந்தது. இந்த ஒரு காரணத்துக்காக எலக்ட்ரானிக் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

செலவில் வித்தியாசம் பெரிது. பாயிண்ட், கண்டென்சர், மூடி, ரோட்டார் எல்லாம் சேர்ந்தும் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் அடங்கும். வெளிநாட்டுத் தயாரிப்பான எலக்ட்ரானிக் செட்டுக்குப் பல ஆயிரம் ஆகும். விலை குறைந்த, பெயர் தெரியாத செட்டுகளை மலைப்பாதையில் நம்புவதைவிடப் பழைய பாயிண்டே மேல்.

24 வோல்ட் வண்டி யாருக்காவது வாய்த்திருந்தால் அவர்கள் சற்று வேறு விதமாக யோசிக்க வேண்டும். எம்-38 வகையில் காயிலும் டிஸ்டிரிபியூட்டரும் ஒரே கூட்டுக்குள் தண்ணீர் புகாமல் மூடப்பட்டவை. பிளக் ஒயர்களுக்கும் உலோக உறை உண்டு. இராணுவ வயர்லெஸ்ஸில் இரைச்சல் வரக்கூடாது என்பது உறைக்குக் காரணம். ஆற்றைக் கடக்க வேண்டும் என்பது மூடலுக்குக் காரணம். கேரட் மூட்டைக்கு வயர்லெஸ் தேவையில்லை. ஆனால் காட்டாறு குறுக்கிடும் தோட்டத்துக்கு அந்த மூடல் இன்றும் பயன்தான். அதைப் பிய்த்துவிட்டுச் சாதாரண டிஸ்டிரிபியூட்டர் வைக்கும்போது இந்த நன்மையும் சேர்ந்து போய்விடும். வோல்ட்டையும் மாற்றுவதென்றால் ஸ்டார்ட்டர், டைனமோ, விளக்கு எல்லாவற்றையும் தொட வேண்டிவரும்.

கழற்றியதை எறிய வேண்டாம்

மாற்றுவதென்று முடிவு செய்பவர்கள், கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் அவை உட்காரும் தட்டோடு சேர்த்து, இடைவெளி சரிபார்த்து, ஒரு டப்பாவில் போட்டு ஜீப்பின் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எலக்ட்ரானிக் கைவிட்டால், ஒரு ஸ்குரூ டிரைவரும் சின்ன ஸ்பேனரும் கொண்டு அரை மணியில் திரும்பப் பூட்டிவிடலாம். இதை வீட்டு வாசலில், வெளிச்சத்தில், ஒருமுறை செய்து பழகிக்கொள்வது அவசியம். இருட்டில் மழையில் முதல்முறையாகச் செய்ய முயன்றால் சிறு திருகு ஒன்று விழுந்துவிடும். பிறகு விடியும் வரை தேட வேண்டியதுதான்.

பழைய பாகங்களுக்கு வேறொரு மதிப்பும் உண்டு. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இல்லாமல் பழைய நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்த முடியாது. ஆகவே மூட்டை ஏற்றும் விவசாயிக்கு இந்தப் பதிவால் நேரடிப் பயன் இல்லை. எனினும், பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் அசல் டிஸ்டிரிபியூட்டர், அசல் காயில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். ஒருநாள் ஜீப்பை விற்க நேர்ந்தால், பழைய இரும்பு விலைக்குப் போட்ட பாகத்துக்காக வருந்த நேரிடும்.

இன்னொன்று. எஞ்சின் பற்றாததற்கெல்லாம் தீப்பொறியே காரணம் என்று நினைக்க வேண்டாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ரப்பர் குழாய் முதலியவை அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல, ஊறிக் கெட்டுப்போகின்றன. காயிலின் நடு ஒயரை மூடியிலிருந்து உருவி, காப்பிட்ட குறடால் பிடித்து, எஞ்சின் உடம்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் நீல நிறத்தில் 'சட் சட்' என்று பொறி விழ வேண்டும். பாயிண்ட் உள்ள வண்டிக்கு மட்டுமே இந்தச் சோதனை. பெட்ரோல் ஆவியோ கசிவோ இருக்கும் இடத்தில் செய்யவே கூடாது. பொறி பலமாக இருந்தால் குறை பெட்ரோல் பக்கம்.

மேல்மலை விவசாயி எலக்ட்ரானிக் வாங்கவில்லை. தடித்த கேபிள், புதிய எர்த் பட்டை, மூடி, ரோட்டார், கண்டென்சர், ஃபீலர் கேஜ் கொண்டு சரியாக இடைவெளி வைத்த பாயிண்ட், அதன்பின் மேல்நிலைக்கு 5 டிகிரி முன்னால் வைத்த டைமிங் என்று வேலை முடிந்தது. மழை நாளிலும் ஸ்டார்ட்டர் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் பற்றுகிறது. பேட்டரி சோர்ந்த நாளில் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றியே கிளப்பிவிடுகிறார். ஸ்டார்ட்டர் எடுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இல்லாதபோது, சோர்ந்த பேட்டரியிலும் காயிலுக்கு வேண்டியது மிஞ்சியிருக்கும்.

தேய்ந்த புஷ் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றிக் கீழே கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஜீப் மூன்று நாளாவது நிற்கும். கேரட் முழுதும் ஏறி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பானட்டைத் திறந்து நான்கு மேட்டிலும் இடைவெளியை அளந்து, சந்தைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு ஓரத்தில் குறித்துவைக்கிறார்.